பத்தாவது ஊசி

கட்டிலுக்கடியில் மண்டியிட்டு, காந்தத்தைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டிருந்தாள் ஊசிக்காரம்மா. ஒரு மூலை விடவில்லை. ஒரு குண்டூசியும் சட்டைக் கொக்கியும் வந்து ஒட்டிக்கொண்டன. தேடிய அக்குபங்சர் ஊசி மட்டும் வரவில்லை.

குத்தியது பத்து. கிண்ணத்தில் கிடந்தது ஒன்பது.

எண்ணிச் சரிபார்க்காமல் எந்த நோயாளியையும் அவள் எழுப்பிவிட்டதில்லை. இன்று அந்தப் பூட்டுக்கடைக்காரர் எண்ண விட்டால்தானே!

வந்தபோதே அவளுக்கு மனசு இடித்தது. பஸ் சுவரில் மோதியதில் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். எந்த பஸ் என்று கேட்டாள். அது அவள் அண்ணன் ஓட்டிய பஸ். நாளைக்கு விசாரணை. பிரேக் பிடிக்கவில்லை என்பது அண்ணன் கட்சி. பிரேக்கில் கோளாறே இல்லை என்பது கம்பெனி கட்சி. அண்ணன் வேலை அந்தரத்தில் தொங்குகிறது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரே சாட்சி, ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல் அவள் கட்டிலைத் தேடி வந்து குப்புறப் படுக்கிறார். வேவு பார்க்கவா?

கட்டைவிரலால் முதுகெலும்பின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். அவர் வாய் திறந்து முனகுமுன்பே தசை கல்லாக இறுகியது. வாய் நடிக்கலாம், தசை நடிக்குமா? ஆனாலும் அவள் மனம் ஒப்பவில்லை. நாளெல்லாம் குனிந்து சாவி ராவுகிறவருக்குப் பழைய வலியாகவும் இருக்கலாமே.

பத்தாவது ஊசியைக் குத்தி நிமிரும்போதுதான் அண்ணன் புயல்போல் நுழைந்தான். இடது காலில் செருப்பு. வலது கால் வெறுங்கால். கோபம் வந்தால் இவனுக்குச் செருப்புகூடத் தங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டுக்கடைக்காரர் தலையைத் திருப்பினார். ஆளை அடையாளம் தெரிந்ததும் ஊசிகளோடு விருட்டென்று எழுந்தார். அவள் பதறிப்போய் கைக்குக் கிடைத்ததை எல்லாம் உருவினாள்.

“இவர்தாம்மா. பிரேக்க மிதிக்கவே இல்ல. பக்கத்துல வெறும் தரையப் போட்டு மிதிச்சுக்கிட்டிருந்தார். என் கண்ணால பாத்தேன்.”

“யோவ், பூட்டுக்கு எண்ணெய் போடுற ஆளுக்கு பிரேக்கப் பத்தி என்னய்யா தெரியும்? அழுத்தி மிதிச்சேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போயே போய்விட்டார்.

அண்ணன் அப்படிப்பட்ட சத்தியத்தைப் பொய்க்குச் செய்கிறவன் இல்லை. அப்படியானால் புளுகுகிறவர் அவர்தான். ஊசியையும் அவர்தான் மறைத்து எடுத்துப் போயிருக்க வேண்டும். டிரைவரின் தங்கை முதுகுக்குள் ஊசியை விட்டுவிட்டாள் என்று நாளைக்கு விசாரணையில் நீட்டினால்? அண்ணன் பிழைப்போடு அவள் பிழைப்பும் சேர்ந்து போகும்.

காந்தத்தைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு உள் அறைக்குப் போனாள். அண்ணன் ஸ்டூலில் கால் நீட்டி, செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்ன, கிடைச்சுதா? அவன்தான் சுட்டிருப்பான். பூட்டக் கழட்டுறவனுக்கு ஊசி எம்மாத்திரம்?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். ஸ்டூலில் இருந்த வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே என்னவோ மினுங்கியது. குனிந்தாள். செம்புக்கம்பி சுற்றிய பிடி. மிச்ச ஊசி வளைந்து, சதைக்குள் பக்கவாட்டில் முழுசாக இறங்கியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இந்தக் காலோடுதான் இவ்வளவு நேரம் நடந்திருக்கிறான்.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு பலம் கொண்டமட்டும் அழுத்தினாள்.

“வலிக்குதாண்ணே?”

அண்ணன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எது?”