நல்ல தண்ணீர்க் கொசு

எழுபத்தாறாம் வருஷம் மழை ஓய்ந்தபோது தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். அறிவியல் டீச்சர் தேவகனியின் கணவன் பவுல், மலேரியாவில் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

அவர்கள் குடியிருந்தது உப்பு வியாபாரி காசிலிங்கத்தின் வீட்டுக் கீழ்ப்பகுதியில். பின்னால் சாக்கடை, அதன் ஓரமாகக் குடிசைகள். அவற்றைப் பிரித்துப்போடச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்தார் காசிலிங்கம்.

"காய்ச்சலெல்லாம் அங்கன இருந்துதான் வருது டீச்சர்."

"மலேரியாக் கொசு சாக்கடையில முட்டை போடாது அண்ணாச்சி. அதுக்கு நல்ல தண்ணி வேணும், மூடியில்லாத ஒங்க மாடித் தொட்டி மாதிரி."

சொன்னதோடு நிற்கவில்லை. மாடியேறி வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மொண்டு வந்து காட்டினாள். துரும்பு துரும்பாகப் புழுக்கள் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தன.

"சாக்கடைப் புழு தலைகீழாத் தொங்கும். இது படுத்துக் கெடக்கு, பாருங்க. தொட்டியக் காயப்போட்டு மூடி போடணும்."

காசிலிங்கம் கிண்ணத்தை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தார். "நல்ல தண்ணிக்கு அலையுற இந்த ஊர்ல அதத் தெருவுல விடச் சொல்லுதீகளோ? குடியிருக்க வந்தவுக குடியிருந்தாப் போதும்."

சனிக்கிழமை காலையில் அவர் உப்பளத்துக்குப் போனதும் தேவகனி குடிசைப் பக்கம் போனாள்.

"ஏளா பேச்சித்தாய், எல்லாரையும் குடத்தோட வரச் சொல்லு. புழுவ வடிகட்டக் குடத்து வாயில துணி கட்டிக்கிடுங்க."

"அண்ணாச்சி பாத்தா வெட்டிப்போடுவாரு டீச்சர்!"

"என்னைய வெட்டட்டும்."

தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். குடங்கள் நிறைந்துகொண்டிருந்தபோது காசிலிங்கம் வந்து நின்றார். "யாரக் கேட்டுத் தொறந்தீக?" என்று கத்திக்கொண்டே குழாயை மூடப் பாய்ந்தார். தேவகனி குறுக்கே நின்றாள்.

பேச்சித்தாய் குடத்துத் துணியை அவிழ்த்து அவர் முன் விரித்தாள். புழுக்கள் துள்ளின.

"இது சாக்கடையில அள்ளுனதில்ல அண்ணாச்சி. எம் மகளப் படுக்கவச்ச கொசு ஒங்க மாடியில பெறந்தது. எங்க குடிசையப் பிரிக்கணும்னா மொதல்ல ஒங்க மாடியப் பிரிங்க."

தெருவே வாசலில் நின்று பார்த்தது. காசிலிங்கத்துக்கு முகம் சிவந்தது.

"வீட்டக் காலி பண்ணுங்க டீச்சர்."

"பண்ணுதேன். மொதல்ல தொட்டி காலியாகட்டும்."

கடைசிக் குடம் நிறையும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அன்று மாலையே எதிர்வீட்டார் தங்கள் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், அதிலும் புழு. அதன்பின் குடிசைகளைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்கவில்லை. பிரிக்கவும் ஆள் வரவில்லை.

மாதக் கடைசியில் தேவகனி வீடு மாறினாள். பேச்சித்தாயும் மற்றப் பெண்களும் அவள் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு, காசிலிங்கம் பார்த்திருக்கவே, சத்தமாகப் பேசிச் சிரித்தபடி நடுத்தெருவில் நடந்தார்கள்.