நகத்தில் வந்த வெள்ளைச் சட்டைக்காரர்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன்: என் கதாநாயகனை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

1

கதை பிறந்தது இப்படி. எங்கள் மாலை எழுத்து வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்தில், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இம்ப்ரெஷனிச ஓவியம் கண்ணாடி இல்லாமல் தொங்குகிறது. கிட்டப் போனால் வெறும் வண்ணத் திட்டுகள்; எட்டி நின்றால் தண்ணீர், மரங்கள், ஈர வெளிச்சம். "இதைப் பார்த்து ஒரு கதை எழுதுங்க" என்றார் ஆசிரியை. நான் எட்டி நின்றேன். கரையோரத்து வெள்ளைத் திட்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஆனது. கோபித்துக்கொண்டு அக்கரை போன மனைவிக்காக அவர் காத்திருந்தார்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "ஆறு அன்று ஏனோ மௌனமாக" – ஆறு என்றைக்குப் பேசியது? அடித்துவிட்டேன்.)

2

நேற்று வகுப்பில் பாதிக் கதையை வாசித்தேன். இன்று பக்கத்து இருக்கைத் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு வாரமா எங்க வீட்டம்மா என்கிட்ட பேசல. ராத்திரி உங்க கதையைச் சொன்னேன். 'அந்த ஆளும் உங்கள மாதிரி மரமாத்தான் நிக்கிறானா?'ன்னு வாயத் திறந்துட்டா! நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். படத்துல அந்த ஆளைப் பாக்கணுமாம்."

"முடிவு இன்னும் எழுதலையே..."

"ரெண்டு பேரையும் சேத்து வச்சிருங்க தம்பி. பேனா உங்க கையிலதானே இருக்கு!"

3

எல்லோரும் போனதும், ஓவியத்துச் சட்டையில் காலர் உண்டா என்று பார்க்கப் போனேன். (எதையும் சரிபார்க்காமல் எழுத மாட்டேன். அதனால்தான் எதையும் முடித்ததில்லை.) மூக்கு உரசும் தூரத்தில் சந்தேகம் வந்தது. நகத்தை வைத்தேன். சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு! உதிர்ந்துவிட்டது. அடியில் புல்.

4

அக்காவிடம் சொன்னேன்.

"இதுக்காடா சாப்பிடாம உக்காந்திருக்க? ஒயிட்னர்ல ஒரு பொட்டு வை."

"அது மோசடி, அக்கா."

"சுண்ணாம்பு மட்டும் சத்தியமா?"

5

முடிவு அ: பொட்டு வைக்கிறேன். அந்த அம்மா சிரிக்கிறார். (கிட்டப் போய்ப் பார்க்காதவரை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறேன். தையல்காரரின் முகம் – வேண்டாம்.

முடிவு இ: மரமாய் நின்றது போதும் என்று வெள்ளைச் சட்டைக்காரரே அக்கரைக்குப் போக ஆற்றில் இறங்கிவிட்டார். அதனால்தான் கரையில் இல்லை.

இதைக் கேட்டதும் அக்கா கேலியை நிறுத்தினாள். ஆனால் படத்தில் படகு இல்லை. ஆழமும் தெரியவில்லை. கரை சேர்ந்தாரா என்பதை எட்டி நின்று பார்த்து நீங்களே சொல்லுங்கள். நான் கிட்டப் போய்க் கெடுத்தவன்.

நாளை: ஒயிட்னரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் போய் வாசலிலேயே தையல்காரரைப் பிடிக்க வேண்டும். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்க வேண்டும்.