நடை வேகம்

ஜீப்பின் பின் சக்கரங்கள் இரும்பு உருளைகளின் மேல் சுழன்றுகொண்டிருந்தன. வண்டி இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. நான்கு மூலையிலும் சங்கிலி போட்டுத் தரையோடு கட்டியிருந்தார்கள். மங்களம் பட்டறை வாசலில் நின்று, "பத்துமலை, அம்மா போயிருச்சுடா" என்றாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. கிட்டே போய்த் தம்பியின் தோளைத் தொட்டு, காதோரம் மறுபடி சொன்னாள்.

அவன் திரும்பாமல் ஒரு விரலைத் தூக்கினான். பொறு என்று.

வண்டிக்குள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவன் பட்டறைக்காரன் ஆ லோக். பத்துமலை மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றான். முள் ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது. முள் ஓர் இடத்தில் நின்று நடுங்கி, இறங்கியது.

"நூத்தி அறுபத்தொண்ணு" என்று ஆ லோக்கைப் பார்த்துக் கத்தினான். பிறகுதான் அக்காவைப் பார்த்தான்.

"எப்ப?"

"எட்டே முக்காலுக்கு. நான் சொன்னது மொதல்லயே காதுல விழுந்துச்சாடா?"

"விழுந்துச்சு அக்கா."

முந்தின நாள் மாலை ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் சொல்லியிருந்தான்: "காலைல வண்டிய பட்டறையில விட்டுட்டு நேரா வந்துர்றேன்." காலையில் அம்மா மூன்று முறை கேட்டாள், வந்துட்டானா என்று. மூன்றாம் முறை மங்களம், "படியேறி வர்றான்மா" என்றாள். அம்மா கதவைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணை மூடிவிட வேண்டியிருந்தது.

ஆ லோக் சாவியைத் திருப்பினான். இறங்கித் தொப்பியைக் கழற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆஃப் பண்ணாத லோக்" என்றான் பத்துமலை. "சூடு ஆறிடும்."

பட்டறை அமைதியானது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்த பெரிய விசிறி மட்டும் ஓடியது.

"இன்னொரு ரன்தான் அக்கா. இப்ப அவுத்தா மறுபடி ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும். ஞாயித்துக்கெழம போட்டி. நீ மாமாவோட போ. பின்னாலயே வாரேன்."

பழைய ராணுவ ஜீப். அதன் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஆறு சிலிண்டர் எஞ்சினை எட்டு மாதம் உட்கார்ந்து பொருத்தியிருந்தான். காட்டுப் பாதையில் ஓட்டும் போட்டிக்காக. எஞ்சினின் பலத்தைக் குதிரைத்திறனில் அளந்து திருத்தும் இந்த உருளை மேடை ஈப்போவில் இந்த ஒரு பட்டறையில்தான் இருந்தது. இதெல்லாம் மங்களத்துக்குத் தெரியும். எட்டு மாதமாக அவன் வீட்டில் வேறு எதையும் பேசியதில்லை.

ஆ லோக் பாதி மலாயும் பாதி தமிழுமாக இழுத்தான். "மச்சான், காட்டுக்கு இப்பிடி வேணாம்லா. கீழ் வேகத்துல இழுக்கணும். நீ கேக்குற மாதிரி வெச்சா மேலதான் ஓடும். மெதுவா போனா திக்கும்."

"மெதுவா போறவன எவன்லா பாக்கப் போறான். மேலயே வை."

சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். கன்னத்தில் கிரீஸ் இழுபட்டது. அழத்தான் செய்தான். அழுகை பொய்யில்லை. அழுதுகொண்டே ஸ்பேனரை எடுத்தான்.

மங்களம் வெளியே வந்து சாக்கடை ஓரம் நின்று துப்பினாள். நாக்கிலிருந்து பெட்ரோல் வாடை போகவில்லை. பின்னால் எஞ்சின் மறுபடி எழுந்தது.

*

பிணத்தை ஆஸ்பத்திரி வேனில் கொண்டுவந்து தோட்டத்து லயத்து வீட்டு முன்னறையில் கிடத்தினார்கள். இரண்டரை மணிக்குத்தான் அவன் வந்தான். வண்டி பெரிய சாலையில் திரும்பும்போதே சத்தம் வந்துவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் பாட்டை நிறுத்தி, "வந்துட்டாருய்யா தொர" என்று மூக்கைச் சிந்தினாள்.

நேராக அம்மாவின் மேல் விழுந்து அழுதான். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுந்தபோது மஞ்சள் பூசிய கன்னத்தில் நான்கு விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. மங்களம் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். மஞ்சள் போயிற்று. கறுப்பு போகவில்லை. இன்னொரு பிடி மஞ்சளை அதன் மேல் அப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். அம்மாவைக் குளிப்பாட்டிய பிறகு தொட்டியில் மீதியிருந்த தண்ணீரை மொண்டு ஜீப்பின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். வரும் வழியில் சேறு அடித்திருந்ததாம். நாலைந்து பேர் தேநீர்க் குவளையோடு சுற்றி நின்றார்கள்.

அவர்களில் ஒருவன், அர்ச்சுனன், குரலைத் தாழ்த்திக் கேட்டான். "கடைசியில எவ்ளோ வந்துச்சு மச்சான்?"

"நூத்தி அறுபத்தெட்டு." பத்துமலையின் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"யம்மாடி."

யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். சாவுக்கு இரங்கிக் கொட்டும் சப்பும் அதேபோல்தான் இருக்கும். மங்களம் உள்ளே போனாள்.

வாசலில் சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் பத்துமலைக்கும் தாய்மாமன் சன்னாசிக்கும் வாக்குவாதம் வந்தது.

"தோள்ல தூக்க எட்டுப் பேரு நிக்கிறான்ப்பா. வண்டி எதுக்கு?"

"எங்கம்மா ராணி மாதிரி போகட்டும் மாமா. இதுல ஏறணும்னு அதுக்கு எவ்ளோ ஆச தெரியுமா?"

அம்மா அதில் ஏறியது ஒரே ஒரு முறை, தைப்பூசத்துக்கு. குலுக்கலில் குடல் புரண்டு மடியிலேயே வாந்தி எடுத்தாள். மடியைச் சுருட்டிப் பிடித்தபடி கோயில் வரைக்கும் போய், குழாயடியில் அலசிக்கொண்டாள். "அந்தப் பய கிட்ட சொல்லாதடி. மூஞ்சி வாடிப் போயிரும்." மங்களம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. தன் மேலேயே ஒரு அருவருப்பு, சட்டைக்குள் பூச்சி ஊர்வதுபோல் ஊர்ந்தது.

"சரி, கொள்ளிச்சட்டி?" என்றார் சன்னாசி. "ஒத்த ஆம்பளப் புள்ள நீ. சட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்க வேண்டியது நீதான."

"நான் நடந்தா வண்டிய யாரு ஓட்டுறது? இந்தக் கிளட்சு வேற யாருக்கும் அடங்காது. சட்டிய முன் சீட்டுல வெச்சிக்கிறேன்."

"பெட்ரோல் வண்டியில நெருப்பா? ஒரு சாவு பத்தாதாக்கும் ஒனக்கு."

கூட்டத்தில் ஒருவன் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். கடைசியில் பத்துமலையே வழி சொன்னான். பால் ஸ்டோர் வரைக்கும் அக்கா சட்டியைக் கொண்டுவரட்டும். அதற்கு மேல் மாமா. சுடுகாட்டில் அவன் இறங்கி வாங்கிக்கொள்வான்.

பெண்கள் பால் ஸ்டோர் வரைக்கும்தான் போகலாம். ரப்பர்ப் பால் எடை போட்ட காலத்தில் கட்டியது. இப்போது பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து சுடுகாடு அரை மைல். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று வைத்திருந்தார்கள். நிழல் இல்லை.

சட்டியின் கழுத்தில் ஈரத்துணி சுற்றி மங்களத்தின் கையில் கொடுத்தார்கள். தப்பு முழங்கியது.

முதல் கியரில் ஜீப் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. தப்படிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். பத்துமலை பிரேக்கை மிதித்தான். வண்டி திக்கியது. கொஞ்சம் மிதித்தால் பாய்ந்தது, விட்டால் உதறியது. புகைக்குழாய் வெடித்தது. ஒவ்வோர் உதறலுக்கும் பெட்டி பின் தடுப்பில் போய் இடித்தது.

"அடிக்கவா, ஓடவாண்ணே?" என்றான் தப்புக்காரன்.

"நடங்கலா, நடங்க. சூடு ஏறுனா சரியாயிரும்."

ஏறவில்லை. கிளட்ச் தீய்ந்து நாறியது. மல்லிகை மாலை அறுந்து சக்கரத்துக்கு அடியில் போனது. பால் ஸ்டோருக்கு இருபது அடி இருக்கும்போது வண்டி ஒரு முறை முழுதாக உதறி நின்றது. பெட்டி வழுக்கிப்போய் மோதியது. மோதிய பிறகு, பெட்டிக்குள்ளே இன்னொரு மோதல் கேட்டது.

ஒப்பாரி நின்றுவிட்டது.

பத்துமலை குதித்து இறங்கி பானெட்டைத் தூக்கினான். "ரெண்டு நிமிஷம். கார்புரேட்டர்தான். ஒரு திருகுதான்."

ஆண்கள் ஒவ்வொருவராக பானெட்டைச் சுற்றிக் கூடினார்கள். சோக்கை இழுக்கச் சொன்னான் ஒருவன். ஐடிலைக் கூட்டச் சொன்னான் இன்னொருவன். தப்புக்காரன்கூடத் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். பெட்டியின் பக்கத்தில் பெண்கள் மட்டும் நின்றார்கள். மூடியின் மேல் ஒரு ஈ நடந்து போயிற்று. யாரும் அதை ஓட்டவில்லை.

மங்களம் சட்டியோடு பின்னால் வந்தாள். மூடி ஒருபக்கம் விலகியிருந்தது. இடைவெளியில் அம்மாவின் தலைமுடி கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

"எறக்குங்க" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. முன்பக்கம் போய் சன்னாசியின் எதிரில் நின்றாள்.

"மாமா. எங்கம்மாவ எறக்குங்க."

சன்னாசி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பானெட்டுக்குள் குனிந்திருந்த முதுகுகளைப் பார்த்து, "டேய், வாங்கடா" என்றார்.

எட்டுப் பேர் வந்தார்கள். மூடியைச் சரிசெய்து, பெட்டியை இழுத்துத் தோளில் ஏற்றினார்கள். அவ்வளவு சுலபமாக ஏறியதில் அவர்களுக்கே ஒரு வெட்கம். அம்மாவுக்கு என்ன கனம் இருக்கப் போகிறது.

பத்துமலை திருப்புளியோடு நிமிர்ந்தான். "அக்கா, ரெண்டே நிமிஷம் அக்கா." பிறகு நிலைமை புரிந்து திருப்புளியைப் பையில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். "சரி, குடு. நான் நடக்குறேன்."

மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. விரல் நுனியிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"கைய கழுவிட்டு வா."

"எங்க போய்க் கழுவ?"

பால் ஸ்டோர் சுவரில் குழாய் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு அவன் கண் பானெட்டுக்குள் போய் வந்தது. ஒரு நொடிதான்.

"போறோம்ப்பா" என்றார் சன்னாசி. தப்பு மெதுவாக எழுந்தது. பெட்டி நகர்ந்தது. பாதங்கள் ஒரே கணக்கில் விழுந்தன. மங்களம் முன்னால் நடந்தாள்.

பால் ஸ்டோர் முனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். "மங்களம்" என்று கருப்பம்மாள் கூப்பிட்டாள். சன்னாசி பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"குடு தாயி."

அவள் நடந்தாள். நீட்டிய அவர் கை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு கீழே இறங்கியது. "பாத்து. வழுக்கும்" என்றார்.

அவள் காது பின்னாலேயே இருந்தது. குழாய் திறக்கும் சத்தத்துக்காக. ஓடிவரும் காலடிக்காக. தப்பின் இரண்டு அடிகளுக்கு நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் வந்தது. இந்த முறை திக்கவில்லை. ஒரே சீராக ஏறி, செம்பனைக் கன்றுகளுக்கு மேல் பரவியது. தூக்கிவந்தவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பெட்டி லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்தது.

சட்டியின் சூடு ஈரத்துணியைத் தாண்டி வந்துவிட்டது. மங்களம் சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.