கைப்பிடியில் ஒரு ஜோடி சாக்ஸ்

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று காலை ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ரோஷெலின் கைப்பேசியில் அலாரம் அடித்தது, நிறுத்தினேன். அவள் அறையில் இல்லை. கைப்பேசி மட்டும் மேசையில் சார்ஜில் கிடந்தது. ஆளில்லாத கட்டிலுக்கு அலாரம் எதற்கு என்று நினைத்தது என் குற்றம். அவள் பக்கத்துப் பொது அறையில் சோபாவில் படுத்திருந்தாள். சுவரைத் தாண்டி அலாரம் கேட்கும் என்று நம்பித்தான் படுத்தாளாம். எட்டு மணிக்கு வேதியியல் தேர்வு. தூங்கியே அதைத் தாண்டிவிட்டாள்.

“ஸாரி ரோஷெல். சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றேன்.

“பரவால்ல மார்னி. அது உன் ரூம். நீ என்ன வேணா பண்ணிக்கோ.”

கதவில் இரண்டு பேர் பெயரும் ஒட்டியிருக்கிறது. அவள் ‘உன் ரூம்’ என்று சொன்னதை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. பகலில் இடம் கிடைக்காததால் நான் எழுத்துப் பயிற்சிக்கு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், திங்களும் புதனும். ஊர்க்காரர்களும் வந்து உட்காரும் வகுப்பு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பல் டாக்டரின் மனைவி, இறுதிச்சடங்கு நிலையத்தில் வேலை பார்க்கும் கர்ட்டிஸ். நான் திரும்பி வந்ததும் ரோஷெல் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, “ம், சொல்லு. இன்னிக்கு பொணக் கம்பெனி என்ன எழுதினான்?” என்பாள். சொல்வேன். மூக்கு வழியாகச் சிரிப்பாள். நான் பேசி ஒருவர் சிரிப்பது எனக்குப் புதிது. எங்கள் பண்ணையில் வான்கோழிகளைப் பற்றித்தான் பேசுவோம், அதுவும் ஏதாவது செத்தால்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்து மைதானத்தின் குறுக்கே நடந்து வருவதற்குள் என் கம்பளிக் காலுறைகள் ஊறிவிடும். உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் சுருங்கிப் பொம்மைக்குத்தான் சேரும். முதல் நாள் ஹீட்டர்மேல் போட்டேன்.

“மார்னி, நனைஞ்ச நாய் வாசனை அடிக்குது. எங்கயாவது வெளிய போட்டுத் தொலை,” என்றாள் ரோஷெல்.

நியாயம்தான். அன்றுமுதல் கதவுக்கு வெளியே, கைப்பிடியில் தொங்கவிடுகிறேன். சொன்னதைக் கேட்கிறவள் நான். ஆனாலும் அந்த வாரத்திலிருந்து திங்கள், புதன் இரவுகளில் ரோஷெல் அறைக்கு வருவதில்லை. மற்ற நாட்களில் வருகிறாள். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள்.

காரணத்தை முறையாகத் தேடினேன். குறட்டையா என்று என்னையே பதிவு செய்து கேட்டேன். பூனை அளவுக்குத்தான் இருந்தது. ஆப்பிள் கடிக்கும் சத்தமா என்று ஆப்பிளை விட்டேன். ஆனால் ஏன் திங்களும் புதனும் மட்டும்? இன்று மெஸ் சுவரில் வாரச் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்த இரண்டு நாளும் சில்லி. மாட்டிறைச்சி பேருக்கு, மீதி பீன்ஸ், வாயு கிளப்பும் பயறு. நான் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறவள். இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

இந்த வாரக் கட்டுரை, விடுதியில் முதன்முறை தங்கப்போகிறவருக்கு யோசனை சொல்வது. இதுவரை எழுதியிருப்பது: செருப்பில்லாமல் குளியலறைத் தரையில் கால் வைக்காதீர்கள், அங்கே நமக்கு முன்பே குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பல் தேய்க்கப் போனாலும் சாவி அட்டையை எடுத்துப் போங்கள். ஒரு தடவை துண்டோடு வெளியே மாட்டிக்கொண்டால் நாலு வருஷத்துக்கும் உங்கள் பெயர் ‘துண்டு’. இரண்டும் அண்ணன் நீல்ஸ் சொன்னவை. என் சொந்த யோசனை ஒன்றே ஒன்று: பீன்ஸ் வேண்டாம்.

செப்டம்பர் 25, புதன்

எங்கள் மாடிக்குப் பொறுப்பாக இருப்பவள் டெஸ், மூன்றாம் வருட மாணவி. மதியம் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

“மார்னி, ரோஷெல் ரூம் மாத்திக் கேட்டிருக்கா. உன்கிட்ட சொன்னாளா?”

“இல்ல.”

“மேல் மாடில ஒரு கட்டில் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள அவ ஆமாவா இல்லையான்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசணும்ங்கறது ரூல். நாளைக்கு நாலு மணிக்கு என் ரூமுக்கு வா.”

“எதனாலன்னு சொன்னாளா?”

டெஸ் படிக்கட்டைப் பார்த்தாள். “அது… நாளைக்குப் பேசிக்கலாம்.”

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மாடிக்கே தெரிந்திருக்கிறது. இப்போது யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகவே பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போன வாரம் பக்கத்தில் நின்று பல் தேய்த்த ஒருத்தி, “நீ பெரிய ஆளுடி. பார்த்தா தெரியவே இல்ல,” என்றாள். பல் தேய்ப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து, நுரையைத் துப்பிவிட்டு நன்றி சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டில் சில்லியைத் தொடவில்லை. ரொட்டியும் சூப்பும் மட்டும். வகுப்பு முடிந்தபோது மழை கொட்டியது. கர்ட்டிஸ் தன் நிலையத்து வேனில் கொண்டுவந்து விட்டான். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘கண்ணியமான விடைபெறல்’ என்று எழுதிய கறுப்பு வேன். விடுதி வாசலில் நின்ற பெண்கள் நான் இறங்குவதைப் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகக் கை தட்டினாள். ஏன் என்று புரியவில்லை.

வகுப்புக்குப் போகும்போது நனைந்த காலுறைகளை வழக்கம்போல் கைப்பிடியில் மாட்டினேன். ரோஷெல் வரவில்லை. குடல் ஒரே நாளில் திருந்திவிடாது என்பது உண்மைதான். ஆனால் அவள் போய்விட்டால் நான் திருந்தி என்ன பயன்?

செப்டம்பர் 26, வியாழன்

டெஸ்ஸின் அறையில் நான் நாற்காலியில், ரோஷெல் தரையில், டெஸ் கட்டில் விளிம்பில். பேச வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கை வியர்த்து மை கலைந்துவிட்டது.

டெஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “இது யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். எல்லாருக்கும் உள்ளதுதான். வெக்கப்பட எதுவும் இல்ல.”

“தெரியும்,” என்றேன். “எனக்கு ரொம்ப நாளாவே இருக்கு. எங்க அண்ணனுக்கும் உண்டு.”

“அண்ணன் கதை வேணாம்,” என்றாள் டெஸ் அவசரமாக.

ரோஷெல் என்னைப் பார்த்தாள். “நீ பண்றதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லடி. தாராளமா பண்ணு. ஆனா வாரா வாரம் ரெண்டு நாள், தவறாம, ராத்திரி பூரா? மனுஷிக்கு ஒரு அளவு வேணாம்?”

“அடக்கிப் பார்த்தேன் ரோஷெல். அடக்கினா வயித்தை வலிக்குது.”

டெஸ் கூரையைப் பார்த்தாள்.

“சத்தம் வராமதான் பார்த்துக்கறேன்,” என்றேன். “முடிஞ்சதும் ஜன்னலைத் திறந்து விட்டுடறேன்.”

“ஜன்னல் வழியாவா போறான்? இது ரெண்டாவது மாடிடி.”

“யாரு போறான்?”

“பொணக் கம்பெனி. நேத்து நீ பொண வண்டில வந்து இறங்கினதை மாடியே நின்னு பார்த்துச்சு.”

“கர்ட்டிஸா? மழைக்குக் கொண்டுவந்து விட்டான். அவ்வளவுதான். அவன் எதுக்கு ரூமுக்கு வரணும்?”

“அப்ப சாக்ஸ்?”

“சாக்ஸ் காயுது.”

டெஸ் மெல்ல முன்னால் குனிந்தாள். “மார்னி. ரூம் கைப்பிடில சாக்ஸ் தொங்கினா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?”

“ஈரமா இருக்குன்னு.”

“உள்ள ஜோடியா இருக்கோம், இப்ப வராதேன்னு அர்த்தம். எந்தக் காலேஜ்ல வேணா போய்க் கேளு.”

நீல்ஸ் செருப்பைச் சொன்னான், சாவியைச் சொன்னான், துண்டைக்கூடச் சொன்னான். இதை மட்டும் சொல்லவில்லை. என் காது எரிந்தது.

“அதுலயும் எல்லாரும் ஒத்தை சாக்ஸ்தான் மாட்டுவாங்க,” என்றாள் டெஸ். இப்போது அவள் உதடு துடித்தது. “நீ ரெண்டு மாட்டினே. ரெண்டுன்னா என்னன்னு மாடியே உட்கார்ந்து விவாதம் பண்ணிச்சு.”

“என்ன முடிவு பண்ணாங்க?”

“உள்ள ரெண்டு ஆளுன்னு ஒரு கட்சி. சின்ன வேலை இல்ல, விடிய விடிய ஆகும்னு ஒரு கட்சி.”

டெஸ் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரோஷெல் சிரிக்கவில்லை.

“இரு. அப்ப நீ எதைப் பத்திப் பேசிட்டிருந்தே? அடக்கறது, ஜன்னல், உங்க அண்ணன்?”

சொன்னேன். சில்லியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூக்கு ஒரு தடவை விடைத்தது, உடனே அடங்கிவிட்டது.

“ரெண்டு வாரமா அந்த சோபால கிடக்கறேன் மார்னி. முதுகுல பாப்கார்ன் அச்சு விழுந்திருக்கு. கெமிஸ்ட்ரி டெஸ்ட் போச்சு. ஏன்டி இங்க படுக்கறேன்னு ஒரு தடவை வந்து கேட்டியா?”

“கேட்டா காரணத்தைச் சொல்லிடுவியோன்னு பயம்.”

“அதுக்கு?”

“நீ கதவைத் தட்டியிருக்கலாம்,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கும் கோபம் இருப்பது தெரிந்தது.

“சாக்ஸ் தொங்கற கதவை எவளாவது தட்டுவாளா? எனக்கும் மானம் மரியாதை இருக்கு.”

டெஸ் தலையணையிலிருந்து எழுந்தாள். “சரி, விஷயம் தெளிவாயிடுச்சு. ஆனா மேல் மாடிக் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. ரோஷெல், நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்?”

“அந்த ரூம்லேர்ந்து ஏரி தெரியும்,” என்றாள் ரோஷெல், யாரையும் பார்க்காமல்.

அட்டையைப் பார்த்தேன். அதில் படிக்க முடிந்த ஒரே வார்த்தை ‘பீன்ஸ்’. அதை மடித்துப் பையில் வைத்தேன்.

“போகாதே ரோஷெல்.”

“ஏன்?”

“போகாதேன்னுதான் சொல்லத் தெரியுது.”

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். “உன்கிட்ட எனக்குப் பிரச்சினை சாக்ஸ் இல்ல. எது நடந்தாலும் நல்ல பிள்ளை மாதிரி முழுங்கிட்டு உள்ளயே வெச்சுக்கறே பாரு, அது. மில்வாக்கில எங்க வீட்ல உப்பு கம்மின்னாகூட தெருவுக்கே கேக்கும். எனக்கு அப்படித்தான் இருக்கத் தெரியும். உனக்கு என்கிட்ட பிடிக்காதது ஒண்ணு சொல்லு. இப்பவே. மூஞ்சிக்கு நேரா.”

“அப்படி எதுவும் இல்லையே.”

“நான் மேல போறேன் டெஸ்.”

“உன் அலாரம்,” என்றேன். “அடிக்கறதும் நிறுத்தறதுமா ஒரு மணி நேரம். நீ எழுந்திருக்கறதே இல்ல. நான்தான் எழுந்திருக்கறேன்.”

“ம். அடுத்தது.”

“போன்ல உங்க அம்மாகிட்ட பேசும்போது என் கட்டில்ல உட்கார்ந்து கால் நகம் வெட்டறே.”

டெஸ் முகம் சுளித்தாள். ரோஷெல் ஒப்புக்கொள்வதுபோல் தலையாட்டினாள். “அடுத்தது?”

“என் ஷாம்பூவை எடுக்கறே. பாட்டில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

“கோடா?”

“பென்சில்ல. தினமும்.”

முதலில் மூக்கு விடைத்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, தண்ணீர்க் குழாயில் காற்று ஏறிய மாதிரி. அவள் அப்படியே தரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தது இப்போதுதான் வெளியே வந்திருந்தது.

“தினமும் கோடு போட்டிருக்கா டெஸ். இந்தப் பிசாசை விட்டுட்டு ஏரியைப் பார்த்துட்டு உட்காரச் சொல்றியா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. நான் போகல. ஆனா இனிமே ஏதாவதுன்னா வாயைத் திறந்து சொல்லணும். நானும் சொல்லிடறேன். பீன்ஸ் விஷயத்துல நீ நினைச்சது தப்பே இல்ல. அதுவும் ஒரு காரணம்தான்.”

“ரொம்பவா?”

“திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை கண்ணு எரிஞ்சது.”

பேச்சு முடிந்து எழுந்தபோது டெஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள். “மாடில பொண்ணுங்ககிட்ட நான் உண்மையைச் சொல்லிடட்டுமா?”

“வேணாம்,” என்றாள் ரோஷெல் எனக்கு முன்பே. “இவ ரூம்மேட்டுன்னு எனக்கே ஒரு மரியாதை வந்திருக்கு. மெஸ்ல எனக்கு இடம் போட்டு வைக்கறாங்க.”

அது நேர்மையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலுறைகளை இப்போதைக்குத் துணி துவைக்கும் அறைக் கம்பியில் போட்டிருக்கிறேன். ரோஷெல் தன் கட்டிலில் உட்கார்ந்து, தன் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டுரையில் பாதியை அடித்துவிட்டேன். திங்கள் வரை நேரம் இருக்கிறது.

நாளை காலை ஒன்பது மணிக்கு, விடுதி அலுவலகம் திறந்ததும், ரோஷெலுடன் போய் அறை மாற்றக் கேட்டதை ரத்து செய்ய வேண்டும். இருவரும் நேரில் வர வேண்டுமாம். அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும். அவளை நான்தான் எழுப்ப வேண்டும்.