முதல் மாடியில் கடல்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்துப் பெருமக்களுக்கும், வழக்கு நடத்துகிறவர்களுக்கும், இனிமேல் வழக்குப் போடலாம் என்றிருப்பவர்களுக்கும் மிக முக்கியமான அறிவிப்பு: ஏரிக்கரை மேல்முறையீட்டு மன்றத்தில் கடல் புகுந்துவிட்டது. மன்றம் இருப்பது முதல் மாடியில். அதற்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருக்கும் கீழ்க்கோர்ட்டில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மின்விசிறியைப் போட்டால் தூசிதான் பறக்கும். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடல் பஸ்ஸில் வந்ததைப் பார்த்தவர் யாருமில்லை.

முதலில் தெரிந்துகொண்டவர் டவாலி சம்பத். வெள்ளிப்பூண் போட்ட கோலை ஏந்தி, நீதிபதிக்கு முன்னால் "சைலன்ஸ்" என்று சொல்லிக்கொண்டே நடப்பது அவருடைய உத்தியோகம். ஒருநாள் அப்படி நடக்கையில் கால் வழுக்கியது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. மறுவாரம் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. ஓர் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு மொட்டைமாடித் தொட்டி ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. சாட்சிக் கூண்டுக்கு அடியில் நண்டு ஒன்று குடியேறியபோது அவருக்கு மறுபடியும் ஆள் அனுப்பினார்கள்; அவர் விடுப்பில் போய்விட்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நீதிபதி ஹரிஹரன் பெரிய பேச்சாளர். மக்களின் நம்பிக்கைதான் நீதிமன்றத்தின் அஸ்திவாரம் என்று வக்கீல் சங்க விழாக்களில் ஒரு மணி நேரம் குறையாமல் பேசிச் சால்வை வாங்குவார். ஆனால் கீழ்க்கோர்ட்டிலிருந்து வரும் வழக்குக் கட்டின் முடிச்சை அவர் அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு தரப்பும் பேசி முடித்ததும், "கீழ் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட முகாந்திரம் ஏதுமில்லை" என்பார். அந்த வாக்கியம் சுருக்கெழுத்தரின் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. வழக்கு எண்ணை மட்டும் மாற்றினால் போதும். முடிச்சு அவிழாமல் தள்ளுபடியான ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. இதைத் தற்செயல் என்று சொன்ன வக்கீல்களும் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

நீதிபதிக்குத் தண்ணீர் தெரியவில்லை. அவருடைய மேடை உயரமானது என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். மேல்முறையீட்டு மன்றம் கீழ்க்கோர்ட்டுப் பதிவில் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும். கீழ்க்கோர்ட்டுப் பதிவு எதிலும் கடல் இல்லை. வைஷாலி என்ற இளம் வக்கீல் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு மேடையில் வைத்து, இதைக் கூடுதல் சாட்சியமாக ஏற்க வேண்டும் என்று மனுப் போட்டார். மேற்படி தண்ணீரை விசாரணையின்போதே ஏன் தாக்கல் செய்யவில்லை என்பதற்குத் தகுந்த விளக்கம் இல்லை என்று மனு தள்ளுபடியானது. அதற்கும் ஒரு விரற்கடை ஏறியது.

ஜனங்கள் பயந்தார்கள். தோற்பது பழகிய விஷயம். தோற்கப் போகிற இடத்தில் மூழ்குவது பழகவில்லை. மேல்முறையீடு போடுவது குறைந்தது. எல்லைத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் பைபாஸ் பக்கம் ஒரு கட்டப்பஞ்சாயத்துக்காரரிடம் போயின. அங்கே அடி விழும், ஆனால் தரை காய்ந்திருந்தது.

மாடிக்கு வந்த தண்ணீர் எங்கிருந்து கிளம்பியது என்பது மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில் தெரிந்தது. அங்கே கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஃபைபர் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. நனைந்தே இருந்த பாறைகள் வெயிலில் வெளுத்தன. சுற்றுலா வந்தவர்கள் அவற்றின்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தார்கள். குப்பத்து ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் இறங்கவில்லை. கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுனாமி அன்று அப்படி உள்வாங்கிய இடத்தில் துள்ளிய மீனைப் பொறுக்க ஓடியவர்களில், குப்பத்து மீன்காரி ஞானம்மாளின் அண்ணனும் ஒருவன். இப்போது வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டையும் மாற்றுத் துணியையும் மூட்டை கட்டி வாசற்படியில் வைத்திருந்தார்கள். பேச்சுக் குறைந்திருந்தது. பக்கத்துச் சிற்பக்கூடத்து உளிச் சத்தம் நின்றால்கூட எல்லோரும் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள்.

ஞானம்மாளுக்கு இரண்டு பயம். மீன் விற்றுக் கட்டிய ஹாலோபிளாக் வீடு தன் நிலத்தில் நிற்பதாகப் பக்கத்து ரிசார்ட் முதலாளி பரணிதரன் வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் ஜெயித்திருந்தார். மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் வீடு நின்றது. அது தள்ளுபடியானால், கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அமீனா போலீசோடு வந்து இடிப்பார். கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தால் அமீனா. அவள் பல நாட்களாக உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

விசாரணை நாளன்று மாடிப்படியில் சம்பத் அவளைப் பார்த்தார். "பொடவைய நல்லா தூக்கிச் செருவிக்கம்மா. மேல இடுப்பளவு கீது."

"இன்னாண்ணா, கீழ காஞ்சிகினு கீது, மேல மட்டும் எப்டி?"

"என்னைக் கேக்கறியே. நான் சைலன்ஸு சொல்றவன்."

உள்ளே மேசைகள் மிதந்தன. பரணிதரன் ஒரு பெஞ்சின்மேல் நின்றுகொண்டு ஷூவைக் கையில் வைத்திருந்தார். இரண்டு தரப்பு வாதமும் முடிந்தது. நீதிபதி சுருக்கெழுத்தரைப் பார்த்தார். அந்த வாக்கியத்தின் முதல் சொல் வருவதற்குள் ஞானம்மாள் எழுந்துவிட்டாள். எழுவதற்கு அவள் உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீரில் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"சாமி, ஒரு வார்த்தை. தோத்தா தோத்துட்டுப் போறேன். அந்தக் கட்ட அவுத்துப் பாத்துட்டுச் சொல்லு. பாக்காமயே இல்லன்றியே, அதான் பயமா கீது."

"அம்மா, உங்கள் இடத்தில் போய் உட்காருங்கள்."

"எங்க உக்கார்றது? தண்ணி கீது."

"தண்ணீரா? அது பதிவில் இல்லை."

அந்த நேரத்தில்தான் தண்ணீர் மேடையைத் தொட்டது. நீதிபதியின் காலுறை நனைந்தது. பிறகு, கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் கண்டபடி, அவருடைய முகம் வெளுத்தது. மேசைக்கு அடியில், வழவழவென்று, நீளமாக ஏதோ ஒன்று அவர் கணுக்காலை உரசி, அவசரமில்லாமல் திரும்பி, இன்னொரு தடவை உரசியது. கத்தினால் தண்ணீர் உண்டென்று மன்றமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கால்களை மெல்ல நாற்காலியின்மேல் இழுத்துக்கொண்டார். நடுங்கும் முகத்தை மறைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் வேறொன்றும் இல்லாததால், ஞானம்மாளின் வழக்குக் கட்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தால் எழுத்துகள் கண்ணில் படும். படித்தார்.

முதல் பக்கத்தைப் புரட்டியபோது தண்ணீர் நின்றது. நாலைந்து பக்கம் போனதும் இறங்கத் தொடங்கியது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் நடுப்பகுதிக்கு வந்த நீதிபதி ஒரு பத்தியை மறுபடி படித்தார். பிறகு உரக்கப் படித்தார். "தாவாச் சொத்தானது கருங்குழி கிராமத்தில் உள்ள மாட்டுக்கொட்டகை என்பதும், அதில் பிரதிவாதி எருமைகளைக் கட்டி வருகிறார் என்பதும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது."

"எருமையா?" என்றாள் ஞானம்மாள். "எங்க வூட்ல பூனைகூட இல்ல சாமி."

வேறொரு வழக்கின் தீர்ப்பை வெட்டி இதில் ஒட்டியிருந்தார்கள். ஞானம்மாளின் வக்கீல் பழைய மேல்முறையீட்டு மனு ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். பரணிதரனின் வக்கீலும் தீர்ப்பை அதுவரை படித்திருக்கவில்லை; ஜெயித்தவர்கள் தீர்ப்பைப் படிப்பதில்லை. ஹரிஹரன் அன்று காரணங்களோடு, பத்தி பத்தியாக, சொந்த வாக்கியங்களில் தீர்ப்புச் சொன்னார். பழக்கமில்லாததால் அடிக்கடி தடுமாறினார். கடைசிச் சொல்லுக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. அதே நேரத்தில் குப்பத்தில் கடல் சத்தமில்லாமல் வந்து தன் பழைய இடத்தில் நின்றது. ஒரு வீடும் நனையவில்லை. நண்டு மட்டும் கூண்டுக்கு அடியிலேயே இருந்துவிட்டது.

வக்கீல் சங்கம் விழா எடுத்தது. ஒற்றைத் தீர்ப்பால் சமுத்திரத்தையே விரட்டிய நீதிமான் என்று ஹரிஹரனுக்குச் சால்வை போர்த்தினார்கள். மக்களின் நம்பிக்கை மீண்டுவிட்டது என்று ஒருவர் பேசினார். கட்டப்பஞ்சாயத்துக்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

ஹரிஹரனின் தீர்ப்பு இதுதான்: கீழ்க்கோர்ட்டு உத்தரவு ரத்து, வழக்கு மறுவிசாரணைக்காகக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகிறது, அதுவரை வீட்டை இடிக்கக்கூடாது. கட்டு மறுபடி முடிச்சுப் போடப்பட்டு, படி இறங்கிப் போனது.

மறுவிசாரணையின் முதல் நாளன்று ஞானம்மாள் கீழ்க்கோர்ட்டுக்கு வந்தாள். அன்று விடியற்காலையில் குப்பத்தில் படகுகளை வழக்கத்தைவிடச் சற்று அதிக தூரம் தள்ளித்தான் தண்ணீரில் இறக்க வேண்டியிருந்தது. தரைத்தளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்குக்கு வாய்தா போட்டிருந்தது.