ஆடி விருந்துப் பேரிக்காய்

உசிலம்பட்டியில் எங்கள் கிணற்றடியில் ஒரு பேரி மரம் உண்டு. கொடைக்கானல் எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்து நட்டது. மலையிலேயே இப்போது அந்த ரகம் கிடையாது என்பார் அப்பா. குட்டைக் கழுத்து, தோலெல்லாம் துருப் புள்ளி, மென்றால் மணல். ஆடி விருந்துக்கு வரும் புது மாப்பிள்ளை, பறித்த கையோடு ஒன்றைத் தின்று எப்படி என்று சொல்ல வேண்டும். அக்காள் கணவர்கள் இருவரும் "தேன் மாமா" என்றார்கள். அன்றிலிருந்து வருசா வருசம் ஆளுக்கொரு மூட்டை போகிறது.

இந்த ஆடியில் என் கணவர் சூரியபிரகாஷின் முறை. கல்யாணமான நாளிலிருந்து என் சாம்பார், என் சேலை, என் கோபம் எல்லாமே நல்லாருக்கு என்பவர். எதை நம்புவது? இங்கே பொய் சொன்னால் என்னிடம் சொன்னதும் பொய்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டி, அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிப்போனேன்.

கடித்தார். சத்தத்துக்குக் கட்டுத்தறிக் கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது.

"எப்படி மாப்ள?"

"அமிர்தம் மாமா." கண்ணில் நீர்.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்கும் மூட்டை வந்தது. நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மூட்டையைக் காணோம்.

மாசக் கடைசியில் இருப்பு அரிசி டிரம்மைத் திறந்தேன். அடுக்களையே மணத்தது. அரிசிக்குள் பேரிக்காய்கள், மஞ்சளாக, விரல் பட்டால் அமுங்கும் பதத்தில்.

"நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்றார் அவர். "கொட்டுனா நீ வருத்தப்படுவ. தின்னா என் பல்லு வருத்தப்படும்."

ஆளுக்கொன்று தின்றோம். வெண்ணெய்போல் கரைந்தது. நான் தடுப்பதற்குள் அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார், ஸ்பீக்கரில்.

"மாமா, பேரிக்காய் நிசமாவே நல்லாருக்கு! அரிசிக்குள்ள வச்சாத்தான் பழுக்குது!"

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பல்லே ஆடிப்போச்சு மாமா. பொய்தான் சொன்னேன்."

எதிர்முனையில் அப்பா கிணற்று மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு நாளு வைக்கணும் மாப்ள?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "பெரிய மாப்ளைககிட்டச் சொல்லிராதீக. எங்கப்பா வச்ச மரமேன்னு நானும் இம்புட்டு வருசமா கண்ண மூடிக்கிட்டுத்தான் முழுங்குறேன்."

ஃபோனை வைத்ததும் கேட்டேன்: "என் சாம்பார்?"

யோசித்தார். "புளி கொஞ்சம் தூக்கல்."

சுருக்கென்றது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. இருப்பதில் பெரிய பழத்தை அவர் கையில் வைத்தேன்.

சேலையைப் பற்றிக் கேட்கவில்லை.