கிட்ட வந்து எடுக்கும் கெமரா

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு ஹட்டன் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு மேலேயுள்ள சந்தில், அடையாள அட்டைப் படம், போட்டோ பிரதி, பழைய கெமரா என்று மூன்று வரியில் பலகை வைத்த ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு கெமராக்கள் இருந்தன. இரண்டுக்கும் விலை ஒன்று.

நாகலெட்சுமி இரண்டையும் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வயது முப்பத்தொன்பது. தலவாக்கலைக்குப் போகும் பாதையில், நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில், கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றுலாப் பயணிகளின் படத்துக்கு நிற்பது அவள் வேலை. அதற்கு முன்னால் பதினேழு வருடம் மலையில் கொழுந்து பறித்தவள். 2020இல் குளவி கொட்டி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு செடிகளுக்குள் கால் வைத்தாலே உடம்பு நடுங்கத் தொடங்கியது. மலையில் இப்போது யாரும் கூடை கட்டுவதில்லை, பை கட்டுகிறார்கள். கூடை வளைவுக்கு மட்டும்தான். அங்கே அவளும், அவளோடு அதே வேலை செய்யும் ராக்காயியும் காலை எட்டு மணியிலிருந்து நிற்பார்கள். வேன் நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள். ஒரு கையால் தலைக்கயிற்றைப் பிடித்துச் சிரிக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் எத்தனை கெமரா பார்த்திருப்பாள் என்று அவளாலேயே சொல்ல முடியாது. எல்லாவற்றையும் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

ஹட்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் ஆறு மாதப் புகைப்படப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்தபோது, நேர்முகத்தில் பயிற்றுநர் லோஜன் ஏன் என்று கேட்டார். "என்னைய நெறையப் பேரு எடுத்திருக்காங்க சேர். ஒருத்தரும் படத்தக் கையில குடுத்ததில்ல. நான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள். சேர்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரில் அவள்தான் மூத்தவள். அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு வயது. முதல் மூன்று வாரம் போனில் எடுக்கலாம். நான்காவது ஞாயிற்றுக்கிழமை, லென்ஸ் கழற்றி மாட்டுகிற டி.எஸ்.எல்.ஆர். கெமரா ஒன்று சொந்தமாகக் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். நான்காவது ஞாயிறு மறுநாள்.

"பாருங்க அக்கா, இது கெனன்" என்றான் கடைக்காரன் ரிஸ்கான். "கொழும்புல ஒரு குருவி பாக்குற டொக்டர் வச்சிருந்தது. ரெண்டு வருசம்தான் பாவிச்சிருக்காரு. பன்னெண்டாயிரம் படம்கூட எடுக்கல. லென்ஸப் பாருங்க, முந்நூறு வரைக்கும் இழுக்கும். அந்தா அந்தக் கோவில் உச்சியில காக்கா இருந்தா, அதுட மூக்கு தெரியும்."

"இது?" என்று நாகலெட்சுமி மற்றதைக் காட்டினாள்.

"அது நிக்கோன். கலியாண வீட்டுக் கெமரா. நாப்பத்தெட்டாயிரம் படம் ஓடியிருக்கு. ரப்பர் கொஞ்சம் கிளம்பியிருக்கு, ஒட்டித் தாறேன். லென்ஸ் ஐம்பது. இழுக்கவும் ஏலாது, சுருக்கவும் ஏலாது. பெருசா வேணும்னா நீங்கதான் கிட்டப் போகணும், சின்னதா வேணும்னா நீங்கதான் பின்னால வரணும்."

"அப்ப கெமராவுக்கு வேல இல்ல, நமக்குத்தான் வேல" என்றான் அவள் கணவன் யோகேஸ்வரன். ரிஸ்கான் சிரித்தான்.

யோகேஸ்வரன் ஓட்டோ ஓட்டுகிறான். நல்லதண்ணி சீசனில் சிவனொளிபாத மலையேற வருகிறவர்களை ஏற்றுவதும் மற்ற மாதங்களில் தேயிலை விற்பனை நிலையங்களுக்கு வெள்ளைக்காரர்களைக் கொண்டுபோய் இறக்குவதும் அவன் பிழைப்பு. மனைவி பயிற்சிக்குப் போவதை அவன் தடுக்கவில்லை. இரண்டு வாரமாகத் தன் போனில் கெமராக்களைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்து, முந்நூறு என்ற எண்ணில் வந்து நின்றிருந்தான். டிசம்பரில் சீசன் தொடங்கும்போது, கீழே நின்றபடியே மேலே படியில் போகிறவர்களை எடுத்து, இறங்கி வந்ததும் படத்தை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் கண்களில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நாகலெட்சுமியும் வழியெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் வந்தாள்.

ரிஸ்கான் கெனனை அவளிடம் நீட்டினான். "கண்ணு வச்சுப் பாருங்க அக்கா."

அவள் வாங்கவில்லை. கடையின் எதிர்மூலையில், அடையாள அட்டைப் படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த நீலத் துணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க என்னைய எடுங்க தம்பி. ரெண்டுலயும்."

"நீங்கதானே அக்கா எடுக்கப் போறீங்க?"

"எனக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்னும் தெரியாதே. இங்கன நின்னாத்தான் தெரியும்."

ரிஸ்கான் யோகேஸ்வரனைப் பார்த்தான். யோகேஸ்வரன் தோளைக் குலுக்கினான். "அவ அப்படித்தான். செஞ்சு பாருங்க."

பெரிய லென்ஸோடு அவளை எடுப்பதற்குக் கடைக்குள் இடம் போதவில்லை. ரிஸ்கான் பின்வாங்கிப் பின்வாங்கி வாசலைத் தாண்டி, மழைக்கு ஒதுங்கி, சந்தின் எதிர்க் கடைத் தாழ்வாரம்வரை போனான். நடுவே குடைகள் போயின. ஒரு பெண் மரக்கறிப் பையோடு குறுக்கே வந்து, கெமராவைக் கண்டு குனிந்து ஓடினாள். நாகலெட்சுமிக்கு அவன் முகம் தெரியவில்லை. கறுப்பு வட்டம் ஒன்று மட்டும் தெரிந்தது. எடுத்துவிட்டானா, இன்னும் இல்லையா என்று யோகேஸ்வரனைக் கேட்பதற்காகத் திரும்பினாள். அதற்குள் ரிஸ்கான் கையை உயர்த்திக்கொண்டு சந்தைத் தாண்டி ஓடிவந்தான்.

"அக்கா! மாஷா அல்லாஹ், இதப் பாருங்க."

சின்னத் திரை முழுக்க அவள் முகம். கணவனைத் திரும்பிப் பார்க்கிற நேரம். புருவம் லேசாகத் தூக்கியிருந்தது, உதடு கேள்வியில் பாதி திறந்திருந்தது, கழுத்தில் வியர்வையோ தூறலோ ஒரு துளி. பின்னால் நீலத் துணி துணியாகவே இல்லை, வானம் போலிருந்தது. அவள் அந்த முகத்தைக் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. நல்ல படம். அது அவளுக்கே தெரிந்தது.

அடுத்தது நிக்கோன். ரிஸ்கான் நாலடி தூரத்தில் நின்றான். அவனுடைய மூச்சில் இஞ்சித் தேத்தண்ணி வாசம் வந்தது. கெமராவுக்கு மேலே அவன் புருவம் தெரிந்தது. அவனுக்குக் கூச்சமாக இருந்ததும் தெரிந்தது. "எடுக்கட்டா அக்கா?" என்றான். அவ்வளவு கிட்ட நிற்கும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை போலும். "ம்" என்றாள். சொல்லும்போதே அவளுடைய வலது கை தானாக மேலே போனது.

திரையில் அவள் வளைவில் நிற்கிற மாதிரியே நின்றாள். பல் தெரிகிற சிரிப்பு. நெற்றிக்குப் பக்கத்தில் விரல்கள் மடங்கி, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

யோகேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான். "கூடை எங்கடி? ஓட்டோவுல விட்டுட்டியா?" அவளும் சிரித்தாள். ரிஸ்கான் இரண்டு கெமராவையும் அருகருகே வைத்தான். இனிப் பேச என்ன இருக்கிறது என்பது போல யோகேஸ்வரன் கெனனைத் தன் பக்கம் இழுத்தான்.

"இதுதான். நம்ம வீட்டுப் படம் மாதிரியே வந்திருக்கு பாத்தியா. அந்தப் படமும் இந்த மாதிரி லென்ஸுலதான் எடுத்திருக்கணும்."

வீட்டுப் படம் என்று அவன் சொன்னது அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்து அறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படம். 2019இல் யாரோ பாதையில் நின்று, மலைக்குள் இருந்த அவளை எடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாது. அடுத்த வருடம் அது ஒரு தேயிலை விற்பனை நிலையத்தின் வாசலில் ஆளுயரப் பதாகையாகத் தொங்கியது. தலைக்கயிற்றை இரு கையாலும் இறுகப் பிடித்து, தூரத்தில் எதையோ பார்க்கிற முகம், கன்னமெல்லாம் ஈரம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. மலைநாட்டின் காலைப் பனி என்று யாரோ யோகேஸ்வரனுக்கு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். பதாகையை மாற்றிய நாளில் அவன் கேட்டு வாங்கி, முகத்தை மட்டும் வெட்டி, கண்ணாடி போட்டு, ஓட்டோவின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவான்.

"அது பனி இல்லங்க" என்றாள் நாகலெட்சுமி.

அவன் லென்ஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "எது?"

"வீட்டுல இருக்கிற படம். அது திலக்ஷன் செத்த அன்னிக்கு."

திலக்ஷன் அவள் தம்பி. கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவன். ஏழாவது மாடியிலிருந்து விழுந்தபோது இருபத்திமூன்று வயது.

"போன் வந்துருச்சு. நான் செடி நெரையில நிக்கிறேன். கீழ எறங்கிப் போறேன்னு சொன்னேன். கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டுப் போ, இல்லன்னா அர நாள் பேருதான், அர நாள் சம்பளந்தான்னு வேல பாக்க நிக்கிற கண்டாக்கையா சொன்னாரு. நிறுக்குறதுக்கு இன்னும் அர மணித்தியாலம் இருந்துச்சு. அப்ப நிக்கிறேன் அதுல. றோட்டுல யாரு நின்னா, எத வச்சு எடுத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மழைச்சத்தம் தகரத்தில் கேட்டது. ரிஸ்கான் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தான். யோகேஸ்வரன் மூடியை லென்ஸில் பொருத்தப் பார்த்தான், அது பொருந்தவில்லை, திரும்பவும் பார்த்தான்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கண்ணாடி போட்டுக் கொண்டாந்துட்டீங்க."

அவன் மூடியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான். ரிஸ்கானிடம், குரலைத் தாழ்த்தி, "தம்பி, மத்ததுல ரப்பர் ஒட்டினா எவ்வளவு நாளைக்கு நிக்கும்?" என்று கேட்டான்.

"ஒரு வருசம் நிக்கும் அண்ணே. ஆனா உண்மையச் சொல்லணும், கெனன்தான் நல்ல சாமான். பிறகு என்னயக் குறை சொல்லக் கூடாது."

"நல்ல சாமான்தான்" என்றாள் நாகலெட்சுமி. "படமும் அதுலதான் நல்லா வருது. நான் பாத்தேனே. ஆனா அதுல எடுக்கிற ஆளு நம்மகிட்ட கேக்க வேண்டியதே இல்ல. இதுல கேக்காம எடுக்க ஏலாது." பிறகு கலியாண வீட்டுக் கெமராவை முதல்முறையாகக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. "நாப்பத்தெட்டாயிரம் எடுத்ததுன்னா இதுக்கு வேல தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியாது."

திரும்பும் வழியிலும் மழை விடவில்லை. கொட்டகலை தாண்டிய பிறகு யோகேஸ்வரன், "அந்தப் படத்த எறக்கிரவா?" என்று முன்னால் பார்த்தபடி கேட்டான். அவள் மடியில் கெமராப் பையைப் பிடித்திருந்தாள். "நீங்கதான் மாட்டினீங்க" என்றாள். வீட்டுக்குப் போனதும் அவன் படத்தைக் கழற்றினான். துடைத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்குள் இரண்டு தரம் சுற்றிவிட்டு, மறுபடி அதே ஆணியில் மாட்டினான். அதற்குப் பிறகு அந்த வாரம் மரக்கறி கொண்டுவந்த ஆளுக்கும், மின்சாரக் கணக்குப் பார்க்க வந்த ஆளுக்கும் அவன் அதைக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவள் இடம் போகவில்லை. முதல் பயிற்சி, தெரிந்த ஒருவரின் முகம். ஒரே ஒரு படம், அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும்.

புதன்கிழமை வளைவில் வேன் குறைவாக இருந்தது. ராக்காயி கூடையை இறக்கி மதகுச் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, வளைவில் எல்லோருக்கும் முந்தி வந்தவள்.

"அக்கா, ஒங்களைய ஒரு படம் எடுக்கட்டா?"

ராக்காயி கெமராவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "ஏன்டி, நீ எப்ப வெள்ளைக்காரி ஆனே? சல்லி குடுப்பியா?"

"படத்தக் குடுப்பேன்."

"படத்த வச்சு நான் என்ன செய்ய? கஞ்சி காச்சவா?" என்றாலும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கூடையக் கட்டணுமா?"

"ஒங்க இஷ்டம்."

இந்தப் பதில் ராக்காயிக்குப் பிடிக்கவில்லை. கூடையைப் பார்த்தாள். எடுக்கக் கைநீட்டினாள், விட்டாள். எழுந்து நின்றாள், திரும்ப உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "என்னாடி இது, இப்படி நில்லு, அப்படிச் சிரின்னு சொல்லித் தொலையேன்! அவனுகளாவது கையக் காட்டிச் சொல்லுவானுக."

நாகலெட்சுமி முன்னால் வந்தாள். கெமராவுக்குள் முகம் இன்னும் சின்னதாக இருந்தது. இன்னும் ஓரடி வந்தாள். ராக்காயியின் வாயில் சுண்ணாம்பு மணத்தது. இவ்வளவு கிட்ட வந்து யாரையும் இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை, பார்க்கப்பட்டிருக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கட்டாக்கா?"

"எத்தன தரம்டி கேப்பே! எடுத்துத் தொல!" என்று ராக்காயி வெற்றிலை வாயோடு சிரித்து முகத்தைத் திருப்பியபோது அவள் அழுத்தினாள்.

ஓகஸ்ட் 20 அன்று லோஜன் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார். ராக்காயியின் காது மிகத் தெளிவாக இருந்தது. நீண்டு தொங்கிய துளை, அதில் செருகியிருந்த சின்ன ஈர்க்குச்சி, பின்னால் நரைத்த மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தன. கண்களும் சிரிப்பும் மங்கலாக இருந்தன. குவியம் கண்ணில் விழாமல் காதில் விழுந்திருக்கிறது என்று அவர் வகுப்புக்கு விளக்கினார். பத்துக்கு நான்கு புள்ளி போட்டு, மறுபடி எடுத்து வரச் சொன்னார்.

வகுப்பு முடிந்து அவள் ரிஸ்கானின் கடைக்குப் போய் அந்தப் படத்தை ஆறுக்கு நான்கு அளவில் ஒரு பிரதி போட்டாள். திங்கட்கிழமை அதை ராக்காயியிடம் கொடுத்தாள். ராக்காயி தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள், வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.